சம்பளம் வங்கியில், பேட்டா கையில்

1. முதல் சனிக்கிழமை

சினிமா கம்பெனியில் கணக்குப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னபோது மந்தைவெளியில் எங்கள் வீட்டில் யாரும் அதிர்ச்சி அடையவில்லை, சிரித்தார்கள். "அங்க கணக்குன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். இருக்கிறது, மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. சமீபத்தில் ஓய்வு பெறும்வரை தி.நகரில் ஒரு புரொடக்‌ஷன் ஆபீசில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என் பெயர் சுலோச்சனா என்பது யூனிட்டில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கணக்கு மேடம்' என்றால்தான் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சனிக்கிழமையாக அமைந்துவிட்டது. அடையாறில் ஒரு பங்களாவில் ஷூட்டிங். புரொடக்‌ஷன் மேனேஜர் பாஸ்கர் சார் என்னை ஒரு மர மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்தார். வரிசை கேட்டைத் தாண்டிப் போயிருந்தது. லைட்மேன், செட் அசிஸ்டென்ட், மேக்கப், காஸ்ட்யூம், மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அக்காக்கள் என்று எல்லோரும் நின்றிருந்தார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு இந்த விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். யூனிட் ஆட்களுக்கு இரண்டு விதமாகப் பணம் போகும். ஒன்று வாரச் சம்பளம். அந்த வாரம் எத்தனை கால்ஷீட், அதாவது எத்தனை ஷிப்ட், வேலை பார்த்தார்கள் என்று கணக்குப் போட்டு சனிக்கிழமை தருவது. இன்னொன்று பேட்டா. டீச் செலவுக்கும் போக்குவரத்துக்கும் என்று தினமும் ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆகும் சமயத்தில் கையில் தருவது. ஹீரோ எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும், சனிக்கிழமை செட்டில்மென்ட் நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை காலையில் ஒரு லைட்கூட எரியாது. யாரும் கோஷம் போட மாட்டார்கள். வருவார்கள், டிபன் சாப்பிடுவார்கள், பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வார்கள், அவ்வளவுதான்.

சம்பளம் வாங்கும்போது எல்லோரும் கோவிலில் நிற்பது மாதிரி அமைதியாக நிற்பார்கள். பேட்டா வாங்கும்போது அதே ஆட்கள் சிரிப்பும் கிண்டலுமாக இருப்பார்கள். ஒரே ஆளிடம் ஒரே கம்பெனி கொடுக்கும் பணத்துக்கு ஏன் இரண்டு முகம் என்று எனக்கு வெகு நாள் புரியவில்லை.

2. பெருங்குடியிலிருந்து வந்த யோசனை

சில வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் அடையாறில் செட் போட்டு ஒரு வெப் சீரிஸ் எடுத்தோம். பணம் போட்டவர்களுக்கு பெருங்குடியில் கண்ணாடிக் கட்டடத்தில் ஆபீஸ். அங்கே ஃபைனான்ஸ் பார்த்தவர் விக்னேஷ், நல்ல பையன். என்னை 'மேம்' என்று கூப்பிடுவார், காபி வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்பார்.

அவர் சொன்ன யோசனை இது: இனிமேல் ரொக்கம் கிடையாது. சம்பளம், பேட்டா இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை, அவரவர் வங்கிக் கணக்கில் போட்டுவிடலாம்.

எனக்கு ரொம்பச் சந்தோஷம். பணப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உஸ்மான் ரோடு கூட்டத்துக்குள் ஆட்டோ தேடுகிற பாடு இனி இல்லை. யூனிட்டில் எல்லோரையும் பாஸ்புக் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முணுமுணுக்காமல் அனுப்பினார்கள். ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட மூன்று நாள் பேசுகிற கூட்டம் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பாஸ்புக் பீரோவில் இருந்தது, போட்டோ எடுத்தார்கள், அனுப்பிவிட்டார்கள். அந்தக் கணக்கோடு சேர்ந்த போன் நம்பர் யாருடையது என்று ஒரு ஆள்கூட யோசிக்கவில்லை. காலையில் இருட்டோடு கிளம்பிப் போகிற லைட்மேன் எப்போது வங்கிக்குப் போவார்? வரிசையில் நின்று கணக்கைத் திறந்தது, நம்பர் கொடுத்தது, கார்டை வாங்கி பர்ஸில் வைத்துக்கொண்டது எல்லாம் வீட்டுக்காரிகள்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஊர் முழுக்கச் சமையலறைகளில் போன் மணி அடித்து, 'இவ்வளவு வரவு' என்று மெசேஜ் போய் நின்றது. பேட்டாவோடு சேர்த்து.

திங்கட்கிழமை காலையில் நான் செட்டுக்குப் போனதும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னா மேடம், இப்டிப் பண்ணிட்டீங்க?"

"என்ன பண்ணிட்டேன்? பைசா குறையாம வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சி மேடம். அதான் பிரச்சனையே."

செட் அசிஸ்டென்ட் மணி முன்னால் வந்தான். "நேத்து ஞாயித்துக்கெழம, எங்க வூட்ல கறி எடுக்கல மேடம். 'இத்தினி வருஷமா வெளிய கறி துன்னுகினுதான இருந்த, இன்னிக்கு ரசம் துன்னு'ன்னு சொல்லிட்டா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்போதுதான் அந்த இரண்டு முகங்களின் ரகசியம் புரிந்தது. சம்பளம் எவ்வளவு என்பது வீட்டுக்குத் தெரிந்த விஷயம். பேட்டா என்று ஒன்று இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

கூட்டத்துக்குப் பின்னால் ஏழுமலை நின்றிருந்தார். லைட் யூனிட்டில் மூத்த ஆள், திருவான்மியூர்க்காரர். செட்டின் கூரைக்குக் கீழே கட்டிய பலகையில் ஏறி நின்று லைட் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க வீட்ல என்ன சொன்னாங்க ஏழுமலை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே கேக்கல மேடம். அதான் பயமா கீது."

3. பத்மா

மறுநாள் மதியம் ஆபீசில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போனேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்து ஜவுளிக்கடையின் யூனிஃபார்ம் புடவை, தலையில் அந்தக் கடைக்காரப் பெண்கள் எல்லோரும் வைக்கிற அதே அளவு பூ.

"நான் ஏழுமலை சம்சாரம் மேடம். பத்மா."

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். "வாம்மா, உக்காரு" என்றேன்.

"சாப்பாட்டுக்கு வுட்ட நேரத்துல ஓடியாந்தேன் மேடம். நின்னுகினே சொல்லிட்றேன்." கைப்பையிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்து என் மேஜையில் வைத்தாள். "இது உங்க கம்பெனிப் பணம்."

"எங்க பணமா?"

"சனிக்கெழம எங்க வூட்டுக்காரர் சம்பளத்துல ஜாஸ்தி ஏறிடுச்சி. யாரோ தப்பாப் போட்டுட்டாங்க. ஜாஸ்தி வந்தத மட்டும் எடுத்தாந்துட்டேன். எண்ணிப் பாத்துக்கோங்க."

மற்ற வீட்டுக்காரிகள் எல்லோரும் புருஷனிடம் கேள்வி கேட்டார்கள். இவள் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள்.

"எங்க கடைல ஒரு பொண்ணு, கல்லாவுல ஜாஸ்தி இருந்ததச் சொல்லாம வுட்டுடுச்சி மேடம். அடுத்த நாளே திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பிச்சிட்டாங்க. இவருக்கு அப்டி ஒரு பேரு வரக் கூடாது. மெசேஜ் என் போனுக்குத்தான் வருது, அவருக்குத் தெரியாது. நானும் சொல்லல. சொன்னா பதறுவாரு. உசரத்துல நிக்கற ஆளு, மனசு பதறக் கூடாதுல்ல?"

மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "பேட்டான்னு ஒண்ணு குடுப்போமே, அதப் பத்தி உனக்குத் தெரியுமா?"

"அது வெளியூர் ஷூட்டிங்குக்குத்தான மேடம்? கல்யாணம் ஆன புதுசுலயே கேட்டேன். உள்ளூர்ல கம்பெனியே சோறு போட்றதால பேட்டா கெடையாதுன்னு சொன்னாரு."

அதை அவள் சொன்ன நம்பிக்கையைக் கேட்டதும், ஏழுமலையை அந்த நிமிஷமே பலகையிலிருந்து இழுத்துக் கீழே இறக்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது. உண்மையைச் சொன்னால் அவர்கள் வீட்டில் என்ன நடக்குமோ தெரியாது. சொல்லாவிட்டால், அவர்களுக்கு உரிய பணத்தை நான் வாங்கிக் கல்லாவில் போட வேண்டும். இரண்டும் என்னால் ஆகாது. கவரை அவள் பக்கம் தள்ளினேன்.

"இப்ப இத நீயே வெச்சிரும்மா. நான் பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன். எதுவா இருந்தாலும் உன் வீட்டுக்காரர் மேல ஒரு பழியும் வராது. அதுக்கு நான் பொறுப்பு."

அரை மனதாக எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

4. ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால்

ஆட்டோ பிடித்து நேராக அடையாறு செட்டுக்குப் போனேன். ஏழுமலை மேலே இருந்தார். ஷாட் முடிகிறவரை காத்திருந்து, கீழே வரச் சொல்லி, ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன். அந்த இரைச்சலில் யார் என்ன பேசினாலும் மூன்றாம் ஆளுக்குக் கேட்காது.

"பத்மா ஆபீசுக்கு வந்தா."

அவர் முகம் வெளுத்தது. "சண்ட போட்டாளா மேடம்?"

"சண்டை போட்டிருந்தா பரவாயில்லயே. ஜாஸ்தி வந்த பணத்தத் திருப்பிக் குடுக்க வந்தா. உங்க மேல திருட்டுப் பழி வந்துடும்னு பயந்து எடுத்துட்டு வந்தா."

ஏழுமலை அப்படியே ஒரு கேபிள் பெட்டி மேல் உட்கார்ந்தார். கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேர்வையைத் துடைக்கிறார் என்று நானும் வைத்துக்கொண்டேன்.

"பாதி நான் துன்னுட்டேன் மேடம்," என்றார் பிறகு. "பொய் சொல்லல. பிரியாணி, டீ, பசங்களோட அப்டி இப்டி. மீதிப் பாதி வள்ளிக்கு."

வள்ளி அவருடைய தங்கை. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. புருஷன் இல்லை, படிக்கிற பெண் ஒருத்தி. அந்தப் பெண்ணின் சடங்கில் தாய்மாமன் சீர் விஷயமாக வள்ளிக்கும் பத்மாவுக்கும் சபையிலேயே வாய்ச்சண்டை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஏழுமலை வாராவாரம் பேட்டாவில் பாதியைத் தங்கை கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒன்றும் நடக்காத மாதிரி சாப்பிட உட்கார்வார்.

"நாளைக்கு மதியம் பத்மா மறுபடி வருவா," என்றேன். "அவகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

"சொன்னா அவங்க அம்மா வூட்டுக்குப் போயிடுவா மேடம்."

"நான் சொல்லி அவளுக்குத் தெரிஞ்சா மட்டும் போக மாட்டாளா?"

மேலே இருந்து யாரோ அவர் பெயரைக் கத்தினார்கள். எழுந்து போனார். ஏணியில் ஏறும்போது அவர் கால் வைக்கிற விதத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயமாகத்தான் இருந்தது.

5. வராத ஆள்

புதன்கிழமை காலையில் பாஸ்கர் சாரிடமிருந்து போன். "ஏழுமலை வரல. இன்னிக்குப் பாத்து மேல அவ்ளோ லைட் கட்டணும். அந்த ஆளு லீவே போட்டதில்லயேம்மா, என்ன ஆச்சு?"

என்ன ஆச்சு என்று எனக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் பாதிதான். ஏழுமலைக்குப் போட்டுப் பார்த்தேன், போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஊரில் உள்ள சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். வாரச் சம்பளத்தை இன்னொரு வழியில் கொடுக்கப் போய் ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமோ என்று திரும்பத் திரும்பத் தோன்றியது.

மதியம் பத்மா வந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. இந்தத் தடவை நான் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"சொன்னாரு மேடம்."

"அவர் எங்கம்மா? வேலைக்கு வரல, போன் எடுக்கல."

"நான்தான் பெருங்குடிக்கு அனுப்பினேன். போன்ல சார்ஜ் இல்ல. இந்த வாரம் கைல காசு வராததால வள்ளிக்கு ஒண்ணும் போகல. அந்தப் பொண்ணுக்கு ஸ்கூல் வேன் காசு கட்டல, ரெண்டு நாளா பஸ்ல தொங்கிகினு போகுதாம். உங்ககிட்ட கொண்டாந்தேனே, அந்தக் கவர அப்டியே குடுத்து 'போய் குடுத்துட்டு வா'ன்னு அனுப்பிச்சிட்டேன்."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "கோபம் இல்லையாம்மா உனக்கு?"

"இல்லாம? ராத்திரி பூரா ரெண்டு பேரும் தூங்கல. பிரியாணிக்குக்கூட கோவம் இல்ல மேடம். நாள் பூரா லைட் சூட்ல நிக்கற மனுஷன், துன்னட்டும். வள்ளிக்குக் குடுத்ததுக்கும் கோவம் இல்ல. என்கிட்ட கேட்டா நான் வேணாம்னு சொல்லிடுவேன்னு நெனச்சாரு பாருங்க, அதான் தாங்க முடியல."

"நிஜமாவே கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பியா?"

கொஞ்சம் யோசித்தாள். அழுத முகத்திலேயே ஒரு சிரிப்பு வந்தது. "சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் சொல்லியிருப்பேன். மூணாவது நாள் நானே குடுத்தனுப்பியிருப்பேன்."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். அவள் வந்த காரியமே அதற்கப்புறம்தான் தெரிந்தது.

"மேடம், பேட்டாவ பழையபடி அவரு கைலயே குடுத்துடுங்க. என் போனுக்கு மெசேஜ் வர வேணாம்."

"ஏம்மா? இப்பதான் எல்லாம் உனக்குத் தெரிஞ்சிருச்சே."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சின்னு வள்ளிக்குத் தெரியக் கூடாது. அவ ரோஷக்காரி. என் கை வழியா வர்ற காசுன்னா தொட மாட்டா. அண்ணன் தனக்குன்னு இருக்கறதுல பிச்சிக் குடுக்கறான்னாத்தான் வாங்கிப்பா. அப்பறம், நான் வந்து கேட்டேன்னு அவருகிட்டயும் சொல்லாதீங்க. பொண்டாட்டி பாத்து பேட்டா வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிடும். ஆம்பளைக்கு அது ஒரு மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டுக் கடைக்கு நேரமாச்சு என்று ஓடிவிட்டாள். அவளைக் கூப்பிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆபீசில் எல்லோரும் இருந்ததால் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.

6. விக்னேஷ் போட்ட கையெழுத்து

அடுத்த நாள் பெருங்குடிக்குப் போனேன். விக்னேஷ் காபி வேண்டுமா என்று கேட்டார். முதல் தடவையே வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

"சம்பளம் பேங்க்லயே போகட்டும். பேட்டாவ மட்டும் தினமும் கையில குடுத்துடலாம்."

"மேம், கேஷ்னா ஆடிட்ல கேள்வி வரும். எல்லாம் ஒரே என்ட்ரியா இருந்தா நமக்கும் ஈஸி, அவங்களுக்கும் சேவிங்ஸ் ஆகும். ஏன் வேணாங்கறாங்க?"

"சம்பளம் வீட்டுக்குப் போற பணம் விக்னேஷ். பேட்டா அந்த ஆளுக்குப் போற பணம். வவுச்சர் போட்டு ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் கையெழுத்து வாங்கறேன். ஆடிட்டர் கேட்டா என்கிட்ட கேக்கச் சொல்லுங்க."

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "அப்ப வீட்டுக்குத் தெரியாம செலவு பண்றதுக்கு நாம ஹெல்ப் பண்றோமா மேம்?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் ஆறு வாரம் இருக்கு மேம்."

"ஏழாவது வாரம் இந்தக் கேள்விய என்கிட்ட மறுபடி கேளுங்க."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நல்ல பையன் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

பேட்டா திரும்பி வந்த அன்றைக்கு யூனிட்டில் ஒரே கொண்டாட்டம். தான் பேசித்தான் இதை வாங்கிக் கொடுத்தேன் என்று மணி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் அவன் வீட்டில் விஷயம் தெரிந்தது தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமைக் கறியை இனிமேல் அவன் பேட்டாவில்தான் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பாகிவிட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வங்கியில் போடுவது நல்லது, பணம் காணாமல் போகாது, யாரும் இடையில் கை வைக்க முடியாது. ஆனால் பணம் கொடுக்கும் முறையை மாற்றுவதற்கு முன்னால், அது ஒரு ஆளின் கைக்கு வந்த பிறகு எங்கெல்லாம் போகிறது என்று கொஞ்சம் விசாரியுங்கள். நான் விசாரிக்கவில்லை. என் பை கனமில்லாமல் இருக்கும் என்பதை மட்டும்தான் பார்த்தேன். பத்மா மாதிரி ஒருத்தி வந்ததால் தப்பித்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் பத்மா இன்னொரு தடவை வந்தாள். கடையில் போனஸ் போட்டிருந்தார்களாம். அதிலிருந்து ஒரு பகுதியை என் கையில் வைத்தாள்.

"இத அவரு பேட்டாவோட சேத்துக் குடுத்துடுங்க மேடம். தீபாவளின்னு கம்பெனி கூட்டிக் குடுக்குதுன்னு சொல்லுங்க. வள்ளி பொண்ணுக்கு நல்லதா ஒரு துணி எடுத்துக் குடுக்கட்டும்."

அன்று பேக்கப் நேரத்தில் ஏழுமலை மேஜைக்கு வந்தார். பேட்டாவுக்கு வவுச்சரில் கையெழுத்துப் போட்டார். நான் மற்றதையும் சேர்த்துக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னா மேடம், ஜாஸ்தி கீது?"

"தீபாவளிக்குக் கம்பெனி குடுத்தது."

அவர் பணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தக் கம்பெனி மேடம்?" என்று கேட்டார்.

"பின்னாடி ஆள் நிக்குது ஏழுமலை. வாங்கிட்டுக் கிளம்புங்க."

அந்த நோட்டுகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதுக்கு எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார். வேண்டாம் என்று சொன்னேன். என் சர்வீஸில் கையெழுத்து வாங்காமல் நான் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.